எண்ணைக் கையால் அடிக்காதீர்கள்

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள், நீண்ட கட்டுரை எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பதிப்பிப்பவர்கள் எல்லோரோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சின்ன விஷயம்தான். துணைத்தலைப்புக்கு முன்னால் 3.2.1 என்று ஓர் எண் போடுகிறீர்கள் இல்லையா, அதைக் கீபோர்டில் அடிக்கிறீர்கள். மூன்று, புள்ளி, இரண்டு, புள்ளி, ஒன்று, அப்புறம் நாலைந்து தடவை ஸ்பேஸ்பார். பிறகு அந்த வரியைத் தேர்ந்தெடுத்து போல்ட், எழுத்தளவு 14. முடிந்தது என்று அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு பொய்யை நட்டுவைத்துவிட்டுப் போகிறீர்கள். அது முளைக்க ஆறு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து நெறியாளர் சொல்வார்: "கோட்பாட்டுப் பகுதி இயலோட கடைசியில கிடக்குதே, அதை முன்னாடி கொண்டு வாங்க." நல்ல யோசனை. வெட்டி ஒட்ட ஒரு நிமிடம் போதும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 2.4 ஆக இருந்தது 2.1 ஆக வேண்டும். பழைய 2.1, 2.2, 2.3 மூன்றும் ஒவ்வொரு படி இறங்க வேண்டும். அவற்றின் கீழே தொங்கும் 2.1.1, 2.1.2, 2.3.4 அத்தனையும் மாற வேண்டும். பொருளடக்கம் மாற வேண்டும். ஐந்தாம் இயலில் எங்கோ "2.3இல் விளக்கியது போல" என்று ஒரு வாக்கியம் எழுதியிருப்பீர்கள், அதுவும் மாற வேண்டும். ஆனால் அப்படி ஒரு வாக்கியம் எழுதினோம் என்பதே யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒன்றிரண்டு கண்டிப்பாக விட்டுப்போகும். கைப்பிரதி திருத்துகிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: ஒரே இயலில் இரண்டு 4.2, 3.3க்கு அடுத்து நேராக 3.5, பொருளடக்கத்தில் மட்டுமே உயிர்வாழும் பகுதிகள் என்று எல்லா வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஆனால் என் கோபம் இந்தப் பிழைகள் மேல் இல்லை. பிழையைத் திருத்திவிடலாம். நடக்காமல் போகிற இன்னொன்றைத் திருத்தவே முடியாது. நெறியாளர் சொன்னதைக் கேட்டதும் எழுதுகிறவர் மனதில் என்ன ஓடுகிறது? "மாத்தினா எல்லா நம்பரையும் மாத்தணுமே." உடனே ஒரு நியாயம் தயாராகிவிடும்: "இல்ல மேடம், அது அங்க இருந்தாலும் ஓட்டமாத்தான் இருக்கு." பகுதி அங்கேயே கிடக்கும். ஒரு வாதம் தன் சரியான இடத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது, காரணம் ஒரு புள்ளியும் இரண்டு இலக்கமும். எண்ணைக் கையால் அடித்தவர் தன் யோசனையின் வரிசைக்குச் சிமென்ட் பூசிவிடுகிறார். முதல் வரைவிலேயே பூசிவிடுகிறார், அதுதான் கொடுமை. முதல் வரைவின் வரிசை பெரும்பாலும் நாம் படித்த வரிசைதான். சொல்ல வேண்டிய வரிசை பிறகுதான் தெரியவரும். தெரியவரும்போது பகுதிகளைத் தூக்கி நகர்த்தக் கை வர வேண்டும்.

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், எனக்கு வராது" என்று சொல்வதில் நம் இலக்கிய உலகத்தில் ஒரு பெருமிதம் உண்டு. வராது என்று சொன்னால் ஆள் கொஞ்சம் ஆழமானவர் என்று அர்த்தம். சமையல் வராது என்று சொன்ன அந்தக் கால ஆண்கள் முகத்தில் இருந்த அதே பெருமிதம். வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்பதுதான் இரண்டு இடத்திலும் உள்ள உண்மை. இங்கே அந்த வேறு யாரோ பெரும்பாலும் கல்லூரிக்கு எதிரே உள்ள டிடிபி கடையில் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிற ஒருவர். நீங்கள் ஒரு பகுதியைச் சேர்த்தால் அவர் உட்கார்ந்து ஐம்பது எண்ணைத் திருத்துவார். மறுபடி நீக்கினால் மறுபடி திருத்துவார். திருத்தத்துக்குத் தனியாகக் காசு கேட்டால் "இதுக்கு எதுக்குங்க காசு?" என்று அவரிடம் சண்டை போடுவீர்கள். அதோடு உங்கள் சிந்தனையின் எலும்புக்கூட்டை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். எது எதற்குக் கீழே வருகிறது என்பதை, தலைப்புகளின் பொருளைப் படிக்க நேரமில்லாத ஒருவர் எழுத்தளவை வைத்து முடிவு செய்கிறார்.

இத்தனைக்கும் அடுக்கடுக்கான எண் என்பது நமக்கு அந்நியமா என்ன? தொல்காப்பியம் மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல், அதற்குள் நூற்பாக்கள். உரையாசிரியர்கள் நூற்பாவைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் வேறுபடுவதால் எண்ணிக்கை உரைக்கு உரை மாறும். ஆனால் அடுக்கு மாறாது. குறளில் பால், இயல், அதிகாரம், குறள் என்று நான்கு நிலை. 391ஆம் குறள் என்றால் அது நாற்பதாம் அதிகாரத்தின் முதல் குறள். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முப்பத்தொன்பதைப் பத்தால் பெருக்கி ஒன்று கூட்டினால் வந்துவிடும். அந்த எண் ஓர் இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. நான் சொல்ல வருவதும் இதைத்தான். எண்ணை எழுதக் கூடாது, கணக்கிடவிட வேண்டும்.

மேற்கிலிருந்து ஓர் உதாரணம் வேண்டுமென்றால் விட்கென்ஸ்டைனின் டிராக்டேடஸ். 1921இல் வெளியான அந்தச் சின்னப் புத்தகம் முழுவதும் எண்ணிட்ட வாக்கியங்கள். 1, 1.1, 1.11, 1.12 என்று போகும். முதன்மை வாக்கியங்கள் ஏழே ஏழுதான், மற்றதெல்லாம் அவற்றின் மேல் விளக்கம், விளக்கத்தின் மேல் விளக்கம். எண்தான் ஒவ்வொரு வாக்கியத்தின் தர்க்க எடையைக் காட்டுகிறது என்று ஆசிரியரே முதல் பக்க அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார். ஏழாவது வாக்கியத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த வெறுமைகூட எண்ணால்தான் நமக்குத் தெரிகிறது. (அவருடைய 2.01, 2.0121 வகையறாவை வேர்டில் தானாக வரவைக்கப் போனால் முழி பிதுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.)

*

சரி, கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு பிரதி எடுத்து, கடைசி நாலெழுத்தை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே நீங்கள் எழுதியது ஒரு கோப்பிலும், ஸ்டைல்கள் இன்னொரு கோப்பிலும், எண்ணிடும் விதிகள் நம்பரிங் என்ற தனிக் கோப்பிலும் இருக்கும். எண்ணைக் கையால் அடித்தவரின் கோப்பில் 3.2.1 என்பது தலைப்புச் சொற்களோடு ஒட்டிக்கொண்டு வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஸ்டைல் வழியாக எண்ணிட்டவரின் கோப்பில் அந்த 3.2.1 எங்கே தேடினாலும் கிடைக்காது. "இந்தப் பத்தி ஹெடிங் 3" என்ற ஒரே ஒரு குறிப்புதான் இருக்கும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேர்ட் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, இது மூன்றாம் இயலின் இரண்டாம் பகுதியின் முதல் உட்பகுதி என்று கண்டுபிடித்துக் காட்டுகிறது. அதனால்தான் திரையில் அந்த எண்ணுக்குள் கர்சரை வைக்க முடிவதில்லை. "நம்பரை கிளிக் பண்ணா செலக்ட் ஆகமாட்டேங்குது" என்று எரிச்சல் படுகிறீர்களே, அங்கே எழுத்து என்று ஒன்று இருந்தால்தானே கர்சர் போகும்?

ஸ்டைல் என்ற சொல்தான் நம்மை ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். ஸ்டைல் என்றால் நமக்கு ரஜினி ஞாபகம் வருகிறார். அலங்காரம், பந்தா. வேர்டில் ஸ்டைல் என்பது அலங்காரம் இல்லை, பெயர் சூட்டுவது. இது இயல் தலைப்பு, இது துணைத்தலைப்பு, இது மேற்கோள், இது சாதாரணப் பத்தி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஓர் இடத்தில் சொல்லிவைத்தால் அந்தப் பெயர் உள்ள எல்லாமே அதற்குக் கீழ்ப்படியும். போல்ட் போட்ட வரி வெறும் தடித்த வரி, அதற்குப் பெயர் கிடையாது.

பாதி தெரிந்தவர்களிடம் இதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது. டூல்பாரில் 1, 2, 3 என்று படம் போட்ட பொத்தான். அதை அமுக்கினால் எண் தானாக வருகிறதே, போதாதா என்பார்கள். போதாது. அந்தப் பொத்தானை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக அமுக்கும்போது வேர்ட் பின்னால் தனித்தனிப் பட்டியல்களை உருவாக்கிக்கொண்டே போகிறது. 7க்குப் பிறகு திடீரென்று 1 வரும். வலது கிளிக் செய்து "கன்டின்யூ நம்பரிங்" கொடுப்பீர்கள். வேறு எங்கோ ஒன்று தொடரக் கூடாத இடத்தில் தொடரும். அங்கே "ரீஸ்டார்ட் அட் 1" கொடுப்பீர்கள். நண்பரின் கோப்பிலிருந்து ஒரு பகுதியை ஒட்டினால் அவருடைய பட்டியலும் விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் கோப்புக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாற்பது பட்டியல்கள் கிடக்கும். கடைசியில் கோபம் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் அடிப்பீர்கள், "ஆட்டோமேட்டிக் எல்லாம் சரிப்படாதுங்க" என்று தீர்ப்பும் சொல்வீர்கள். பட்டியலைப் பத்தியோடு கட்டியது தப்பு, ஸ்டைலோடு கட்டியிருக்க வேண்டும். தீர்ப்பு தப்பான ஆள் மேல் விழுந்திருக்கிறது.

ஸ்டைலோடு கட்டுவது எப்படி என்று கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். இது தெரியாமல்தான் எல்லாம் நடக்கிறது. இயல் தலைப்பில் கர்சரை வைத்து ஹெடிங் 1 என்ற ஸ்டைலைக் கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுதான். அடுத்த நிலைக்கு 2, அதற்கடுத்து 3. எல்லாத் தலைப்புக்கும் பெயர் சூட்டியான பிறகு முதல் இயல் தலைப்புக்கே திரும்பி வந்து, ஹோம் டேபில் புள்ளிப் பொத்தான், எண் பொத்தான் இரண்டுக்கும் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி இருக்கும் மூன்றாவது பொத்தானை அமுக்குங்கள். மல்டிலெவல் லிஸ்ட். அதில் வரும் மாதிரிப் படங்களில் சிலவற்றில் எண்ணுக்குப் பக்கத்தில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று எழுதியிருக்கும். அவை மட்டும்தான் ஸ்டைலோடு கட்டப்பட்டவை. அவசரத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தமிழ் ஆய்வேட்டுக்கு அது போதாது. நம் வழக்கம் வேறு. "இயல் 1" என்று தலைப்பு வரும், அதன் கீழே 1.0 முன்னுரை, பிறகு 1.1, 1.1.1. இந்தச் சுழியத்தைக் காரணம் காட்டித்தான் நிறையப் பேர் "நம்ம ஃபார்மட் வேர்டுல வராதுங்க" என்கிறார்கள். வரும். அதே மெனுவில் டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட் போங்கள். திறக்கும் பெட்டியின் கீழே மோர் என்று ஒரு பொத்தான் ஒளிந்திருக்கும், அதை அமுக்கினால்தான் முக்கியமானதெல்லாம் தெரியும். லெவல் 1ஐத் தேர்ந்தெடுத்து, லிங்க் லெவல் டு ஸ்டைல் என்ற இடத்தில் ஹெடிங் 1. எண் வடிவப் பெட்டியில் சாம்பல் நிறப் பின்னணியோடு ஒரு 1 இருக்கும், அதன் முன்னால் "இயல்" என்று தட்டச்சு செய்யுங்கள். அந்தச் சாம்பல் 1ஐ அழித்துவிட்டுத் தாங்களே ஒரு 1 அடிக்கிறவர்கள் உண்டு. அப்புறம் எல்லா இயலும் முதல் இயலாகவே இருக்கிறது என்று போன் வரும்.

லெவல் 2க்கு வாருங்கள், ஹெடிங் 2ஓடு கட்டுங்கள். வடிவப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, இன்க்ளூட் லெவல் நம்பர் ஃப்ரம் என்பதில் லெவல் 1ஐத் தேர்ந்தெடுங்கள், ஒரு புள்ளி வையுங்கள், பிறகு எண் வகையில் 1, 2, 3ஐத் தேர்ந்தெடுங்கள். இப்போது 1.1 வந்துவிடும். இயல் என்ற சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வராது, எண் மட்டும்தான் வரும். கடைசியாக ஸ்டார்ட் அட் என்ற இடத்தில் 1ஐ 0 ஆக்குங்கள். முடிந்தது, ஒவ்வோர் இயலும் 1.0, 2.0, 3.0 என்று தொடங்கும். இந்த ஒரு சுழியத்துக்காக எத்தனை ஆய்வேடுகள் கையால் எண்ணிடப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. தள்ளி வைக்கும் அளவுகளையும் இதே பெட்டியில்தான் சொல்ல வேண்டும். வெளியே வந்து ரூலரைப் பிடித்து இழுத்தீர்கள் என்றால் கட்டிய கட்டு அவிழ ஆரம்பிக்கும். லிப்ரெஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு டூல்ஸ் மெனுவில் ஹெடிங் நம்பரிங், பழைய பதிப்புகளில் சாப்டர் நம்பரிங். அங்கே இது கொஞ்சம் மானமாக, ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது.

பின்னிணைப்பு எங்கே வைப்பது என்று கேட்பார்கள். ஒரே பட்டியலில் ஒன்பது நிலை இருக்கிறது, நமக்கு மூன்று நாலுதான் தேவை. லெவல் 7ஐ எடுத்து ஹெடிங் 7ஓடு கட்டி, வடிவத்தில் "பின்னிணைப்பு" என்று எழுதிவிடுங்கள். கடைசி இயலுக்குப் பிறகு அது தனியாக 1, 2 என்று எண்ணிக்கொள்ளும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். தலைப்பு 16 புள்ளியில் கம்பீரமாக இருக்கும், பக்கத்தில் எண் மட்டும் வேறு முகத்தோடு சின்னதாக உட்கார்ந்திருக்கும். அல்லது நேர்மாறாக. காரணம், வேர்ட் தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தனிக் கணக்கில் வைக்கிறது. எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றுக்கும் ஆங்கிலத்துக்கு ஒரு பதிவு, தமிழுக்கு ஒரு பதிவு. 1, 2, 3 ஆங்கிலப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்கிறது, தலைப்புச் சொற்கள் தமிழ்ப் பதிவிலிருந்து. ஸ்டைலைத் திருத்தும்போது ஃபான்ட் பெட்டியில் இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். ஒரே ஒரு தலைப்பின் எண் மட்டும் முரண்டு பிடித்தால் பத்தியின் கடைசியில் இருக்கும் பத்திக்குறியைப் பாருங்கள். எண் தன் நிறத்தையும் தடிமனையும் அதிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் செய்து முடிக்க முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டால் அடுத்த தடவை ஒரு நொடிகூட ஆகாது. கிடைப்பது என்ன என்று பாருங்கள். வியூ டேபில் நேவிகேஷன் பேன் திறந்தால் உங்கள் முழு ஆய்வேடும் ஒரு பக்கத்தில் எலும்புக்கூடாக நிற்கும். 2.4ஐப் பிடித்து 2.1க்கு மேலே இழுத்துவிட்டால் அதன் பத்திகள், உட்பகுதிகள், அடிக்குறிப்புகள் எல்லாம் கூடவே போகும், எண்கள் அந்தக் கணமே மாறிக்கொள்ளும். நெறியாளர் சொன்னது சரியா தப்பா என்று வாதாட வேண்டியதே இல்லை, இழுத்துப் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா, கன்ட்ரோல் இசட். "2.3இல் விளக்கியது போல" என்ற வாக்கியத்தில் அந்த 2.3ஐயும் க்ராஸ் ரெஃபரன்ஸாகச் செருகியிருந்தால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அமுக்கினதும் அது புது எண்ணைக் காட்டும். அந்தப் பகுதியையே நீக்கிவிட்டிருந்தால் அந்த இடத்தில் எரர் என்று கொட்டை எழுத்தில் கத்தும். கையால் அடித்த எண் கத்தாது. இல்லாத பகுதிக்கு வாசகரை அனுப்பிவிட்டு அமைதியாக இருக்கும்.

*

எதிர்ப்புகள் வரும். "நான் நாவல் எழுதுறேன் பாஸ், எனக்கு எதுக்கு 3.2.1?" நியாயம். கவிதைக்கும் சிறுகதைக்கும் இது எதுவும் வேண்டாம். ஆனால் ஐம்பது அத்தியாய நாவலில் பதினேழையும் பதினெட்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? மீதி முப்பத்திரண்டு எண்ணையும் யார் திருத்துவது? ஒரே நிலைப் பட்டியலும் பட்டியல்தான். அதோடு மின்னூலாக மாற்றும்போது பொருளடக்கம் இந்த ஹெடிங் பெயர்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பெயரில்லாத தடித்த வரிகளை மட்டும் கொடுத்தால், கிண்டிலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாவ முடியாத ஒரு நாவல் கிடைக்கும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. எண் மாறிக்கொண்டே இருந்தால் அது எப்படி முகவரியாகும்? புறநானூறு 192 என்றால் எல்லோருக்கும் தெரியும். 267, 268 இரண்டு பாடலும் நமக்குக் கிடைக்கவில்லை, ஆனாலும் 266க்குப் பிறகு 269தான். உ.வே.சா. 1894இல் பதிப்பித்த நூல் அது. இல்லாத பாடல்களின் இடம் எண்ணில் காலியாக நிற்பதால்தான் அவை இல்லை என்பதே நமக்குத் தெரிகிறது. தானியங்கி எண் அந்த இடைவெளியை மூடி, எல்லாப் பாடலையும் இரண்டு படி மேலே ஏற்றிவிட்டிருக்கும். இந்திய அரசியலமைப்பும் அப்படித்தான். 1978இல் 44ஆம் திருத்தம் 31ஆம் உறுப்பை நீக்கியது, யாரும் 32ஐ 31 ஆக்கவில்லை. 2002இல் கல்வியுரிமையைச் சேர்த்தபோது 21க்கும் 22க்கும் நடுவில் 21அ என்று செருகினார்கள். கடைசி உறுப்பின் எண் இன்றைக்கும் 395தான்.

இந்த வாதத்தை நான் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். வெளியான எண் முகவரி, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் உங்கள் இரண்டாவது வரைவு அரசியலமைப்பு இல்லை. யாரும் அதை இன்னும் மேற்கோள் காட்டவில்லை. வரைவில் எண் என்பது வரிசை மட்டுமே, வரிசை நகர நகர எண்ணும் நகர வேண்டும். வெளியிடுகிற நாளில் பிடிஎஃப் ஆக்கினால் எண் தானாக உறைந்துவிடும். புறநானூற்று எண்ணின் கௌரவத்தை நேற்று ராத்திரி அடித்த 2.4க்குக் கொடுத்து, அதை நகர்த்தப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. மூலநூலைப் பதிப்பிக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு: பாட்டெண் மூலத்தின் பகுதி, அதை எழுத்தாகத்தான் அடிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இதில் குற்றவாளிகள். நான் பார்த்த ஆய்வேட்டு வழிகாட்டிக் குறிப்புகள் எல்லாம் தோற்றத்தைப் பற்றியே பேசுகின்றன. இடது ஓரம் இத்தனை அங்குலம், தலைப்பு 14, வரிகளுக்கு இடையே ஒன்றரை இடைவெளி. தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி அவற்றில் எதிலும் இல்லை. அச்சிட்ட தாளை ஸ்கேல் வைத்து அளக்கிறவர்களின் விதிகள் இவை. அந்தத் தாளைப் பார்க்க முடியாத மாணவருக்கு என்ன வழி? தமிழ்த் துறைகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள், ஆய்வு செய்கிறார்கள், பேராசிரியர்களாகவும் இருக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் எச் என்ற எழுத்தை அமுக்கினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், 2ஐ அமுக்கினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குத் தாவும். தாவுவதற்கு அங்கே தலைப்பு என்று பெயர் சூட்டிய ஒன்று இருக்க வேண்டும். போல்ட் போட்ட 14 புள்ளி வரி அதற்கு இன்னொரு சாதாரணப் பத்தி. முந்நூறு பக்க ஆய்வேட்டில் நான்காம் இயலைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். பதினான்கு புள்ளியை அளந்து சரிபார்க்கிற அலுவலகம் இதை ஒரு நாளாவது சரிபார்த்திருக்கிறதா?

வேர்டைச் செய்தவர்களையும் சும்மா விட மனமில்லை. கெடுக்கிற பொத்தானைக் கண்ணுக்கு எதிரே பெரிதாக வைத்துவிட்டு, சரியான வழியை மோர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது அவர்கள்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று. நம் அரசாணைகளிலும் வினாத்தாள்களிலும் உட்பிரிவுக்கு அ, ஆ, இ என்றுதான் போடுகிறோம். டாக்எக்ஸ் தரநிலையில் எண் வகைகளுக்கு ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. ரோமன் உண்டு, ஹீப்ரு இரண்டு வகை உண்டு, இந்தி உயிரெழுத்து தனியாக, மெய்யெழுத்து தனியாக, தாய்லாந்து எழுத்து, ரஷ்ய எழுத்து எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்ஸில் தமிழ் இலக்கங்களுக்காவது ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், இங்கே அதுவும் இல்லை. ஆக அ, ஆ, இ வேண்டுமென்றால் கையால்தான் அடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் திட்டிய எல்லோருக்கும் இருக்கிற ஒரே உண்மையான சாக்கு இது.

கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். ஆனால் கேட்பதற்கு முன் நாமே ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: ஔவுக்குப் பிறகு என்ன? ஃ வருமா, நேராக க வருமா? க வந்தால் அடுத்தது ங-வா, கா-வா? வினாத்தாளில் ஈ-யோடு நிறுத்திக்கொள்வதால் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. பதின்மூன்று உட்பிரிவு உள்ள ஆவணங்களை எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கிறார்கள். தமிழ்க் கணிமை பற்றிப் பேசக் கூடுகிற நண்பர்கள் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கலாம். அது வரும்வரை நான்காம் நிலைக்குச் சின்ன ரோமன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அவ்வளவு மோசமாக இருக்காது.